செவி அறிந்த பாட்டு, விரல் அறியாத வழி

எலக்ட்ரிக் கிட்டாரின் வரலாற்றில் ஆசிரியரின் இடத்தைப் பதிவு செய்யப்பட்ட இசை நெடுங்காலமாகவே பகிர்ந்துகொண்டு வந்திருக்கிறது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழல வேண்டிய இசைத்தட்டைச் சரிபாதியாகிய 16⅔ சுற்று வேகத்தில் ஓடவிட்டால், பாட்டு இரு மடங்கு நேரம் எடுத்துக்கொள்ளும். அதன் சுரங்கள் அனைத்தும் மிகச் சரியாக ஒரு ஸ்தாயி கீழிறங்கும். ஸ்தாயி மாறினாலும் சுரங்களின் பெயரும் அவற்றின் இடையுறவும் மாறுவதில்லை என்பதால், விரைந்தோடும் கிட்டார் பகுதிகளை இவ்வாறு மெதுவாக்கிக் கேட்டு, ஒவ்வொரு சுரமாகத் தந்தியில் தேடிக் கண்டுபிடிப்பது இசைத்தட்டுக் காலக் கலைஞர்களின் அறியப்பட்ட வழக்கமாக இருந்தது. அவர்களுக்குப் பாட்டு கிடைத்தது. அதை வாசித்த விரல்கள் மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை.

2005-இல் யூடியூப் தொடங்கப்பட்ட பின் அந்தக் குறை பெரிதும் நீங்கியது. டாஸ்மேனியாவில் பிறந்த ஜஸ்டின் சாண்டர்கோ போன்ற ஆசிரியர்கள் இணையத்தில் கட்டணமின்றி வழங்கிய பாடங்களும், 2017-இல் ஃபெண்டர் நிறுவனம் தொடங்கிய ஃபெண்டர் பிளே போன்ற கட்டணச் சேவைகளும், புகழ்பெற்ற பாடல்களைத் துண்டு துண்டாகப் பிரித்து, இடக்கையை அண்மைக் காட்சியில் காட்டி, எந்தத் தந்தியில் எந்த விரல் எங்கே அழுத்துகிறது என்பதைக் கற்பவரின் வீட்டுக்கே கொண்டுவந்தன. ஆயினும் திரைவழிப் பாடத்தில், நேரில் கற்பிக்கும் ஆசிரியரிடம் இயல்பாகவே கிடைக்கும் ஒன்று இல்லாமற் போகிறது: கற்பவர் ஆசிரியரைப் பார்க்கிறார், ஆசிரியரோ கற்பவரைப் பார்ப்பதில்லை. பிழையைச் சுட்ட ஒருவர் இல்லாத நிலையில் ஒரு திறன் எப்படிச் செம்மையடைய முடியும்? கடந்த சில பத்தாண்டுகளின் இயற்பியலும் மூளை ஆய்வும் தரும் சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால், பாடம் ‘நன்கு அறிந்த பாட்டாக’ இருக்கும்போது அந்த இடத்தின் பெரும்பகுதியைக் கற்பவரின் நினைவே நிரப்புகிறது என்று சொல்ல இடமிருக்கிறது. அந்தச் சான்றுகளையும், அவை காட்டும் எல்லைகளையும் விளக்குவதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

கருவி தரும் வாய்ப்பு

காந்தப்புலம் மாறும்போது அருகிலுள்ள கம்பிச்சுருளில் மின்னோட்டம் தோன்றும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்தார். அதற்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின், 1930-களின் தொடக்கத்தில், அமெரிக்காவில் ஜார்ஜ் போஷாம்ப் அந்த விதியைத் தந்திகளுக்குப் பொருத்தி, பின்னாளில் ரிக்கன்பேக்கர் என்ற பெயரால் அறியப்பட்ட நிறுவனத்தின் முதல் எலக்ட்ரிக் கிட்டாரை உருவாக்கினார். தந்திகளின் கீழே காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்ட மெல்லிய செப்புக் கம்பியும் கொண்ட ‘பிக்கப்’ என்ற உறுப்பு இருக்கிறது. எஃகு அல்லது நிக்கல் கலந்த தந்தி அதிரும்போது காந்தப்புலம் அதே தாளத்தில் கலைகிறது. அக்கலைவு சுருளில் மின்சைகையாகிறது. அதை ஆம்ப்ளிஃபயர் பெருக்கி ஒலியாக்குகிறது. நைலான் தந்தி காந்தப்புலத்தைக் கலைப்பதில்லை என்பதால் இக்கருவியில் அது ஊமையாகிவிடும்.

ஒலியின் வலிமை மரப்பெட்டியிலிருந்து வராமல் மின்சாரத்திலிருந்து வருவதால் தந்தி தடிமனாக இருக்க வேண்டிய கட்டாயம் தளர்கிறது. எலக்ட்ரிக் கிட்டாரின் மிக மெல்லிய தந்தி பொதுவாக 0.23 மில்லிமீட்டர் தடிமனும், சாதாரண மரக்கிட்டாரின் அதே தந்தி சுமார் 0.30 மில்லிமீட்டர் தடிமனும் கொண்டிருக்கும். நீளமும் சுருதியும் ஒன்றாயிருந்தால் தந்தியின் இழுவிசை அதன் தடிமனின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும் என்பதால், சிறிதாகத் தோன்றும் இந்த வேறுபாடு இழுவிசையை ஏறத்தாழ 56 விழுக்காடாகக் குறைத்துவிடுகிறது. விரல்நுனியின் தோல் காய்த்துப்போகாத முதல் வாரங்களில் இந்தச் சலுகை கற்பவருக்குப் பெரிதும் உதவுகிறது.

கழுத்துப் பகுதியில் குறுக்கே பதிக்கப்பட்ட உலோகப் பட்டைகளுக்கு ‘ஃபிரெட்’ என்று பெயர். வீணையில் அவை மெட்டுகள். அடுத்தடுத்த இரு ஃபிரெட்டுகளுக்கு இடையே அதிர்வெண் சுமார் 5.95 விழுக்காடு உயரும்படி இடைவெளிகள் கணக்கிடப்படுகின்றன. இப்படிப் பன்னிரண்டு படிகள் ஏறினால் அதிர்வெண் சரியாக இரு மடங்காகி, தந்தியின் நடுப்புள்ளியில் மேல் ஸ்தாயி கிடைக்கிறது. சுரத்தின் இடம் கருவியிலேயே குறிக்கப்பட்டிருப்பதால், வயலின் கற்பவரைப்போல் விரலை எங்கே வைப்பது என்று தடவித் தேட வேண்டியதில்லை. இடத்தை ஓர் எண்ணாலேயே சொல்லிவிடலாம். ஆறு தந்திகளுக்கு ஆறு கோடுகள் வரைந்து, கோட்டின்மேல் ஃபிரெட்டின் எண்ணை எழுதும் ‘டேப்லேச்சர்’ முறை இதனால்தான் இயல்கிறது. ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்தில் லூட் என்ற தந்திக் கருவிக்கு வழங்கிய குறிமுறையின் வழித்தோன்றல் அது. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. லூட் குறிமுறையில் ஒவ்வொரு சுரமும் எவ்வளவு நேரம் நீள வேண்டும் என்ற குறியும் கோடுகளின் மேலே எழுதப்பட்டது. இன்று இணையத்தில் உலவும் எளிய டேப்களில் பெரும்பாலும் அந்தக் காலக்குறி இல்லை. பாட்டை அறியாத ஒருவர் அதைப் பார்த்து வாசிக்க முடியாது. அறிந்தவரோ விடுபட்ட தாளத்தைத் தம் நினைவிலிருந்து நிரப்பிக்கொள்கிறார். இக்குறிமுறை பிழைத்திருப்பதே கற்பவரின் நினைவை நம்பித்தான்.

நான்கு சுரங்களின் இயற்பியல்

ராக் இசையில் திரும்பத் திரும்ப ஒலித்துப் பாட்டின் அடையாளமாகவே ஆகிவிடும் குறுகிய இசைத்தொடரை ‘ரிஃப்’ என்பர். டீப் பர்ப்பிள் குழுவின் ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ பாட்டின் ரிஃப், உலகெங்கும் தொடக்கநிலை மாணவர்கள் கைவைக்கும் முதல் ரிஃப்களில் ஒன்று. 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோ நகரில் ஃபிராங்க் ஸாப்பாவின் நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோது அங்கிருந்த கேசினோ கட்டடம் எரிந்துபோனது. அதைக் கண்டவர்கள் எழுதிய இப்பாட்டு 1972-இல் ‘மெஷின் ஹெட்’ தொகுப்பில் வெளிவந்தது. அதன் ரிஃபில் உள்ளவை நான்கே சுரங்கள்: நம் முறையில் சொன்னால் ஷட்ஜம், சாதாரண காந்தாரம், சுத்த மத்தியமம், பிரதி மத்தியமம். ஒவ்வொரு சுரத்துடனும் அதற்குக் கீழே ச–ம இடைவெளியில் இன்னொரு சுரம் சேர்ந்தே ஒலிக்கிறது.

இத்தகைய இரட்டைச் சுரங்களை ராக் இசை ஏன் விரும்புகிறது என்பதை ‘டிஸ்டார்ஷன்’ என்ற ஒலிச்சிதைவின் இயல்பு விளக்குகிறது. ஆம்ப்ளிஃபயர் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் சைகையைப் பெருக்கினால் அலையின் உச்சிகள் வெட்டுப்படுகின்றன. அப்போது உள்ளே சென்ற அதிர்வெண்களோடு, அவற்றின் கூட்டலும் கழித்தலும் ஆகிய புதிய அதிர்வெண்களும் பிறக்கின்றன. 110 ஹெர்ட்ஸும் அதன் பஞ்சமமாகிய 165 ஹெர்ட்ஸும் சேர்ந்து ஒலித்தால் வித்தியாசமாக 55 ஹெர்ட்ஸ் தோன்றும். அது முதல் சுரத்துக்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே இருப்பதால் ஒலி கலங்காமல் கனம் பெறுகிறது. கூட்டலால் வரும் 275 ஹெர்ட்ஸும் 55-இன் மடங்கே. கிட்டாரின் பஞ்சமம் தூய 3:2 விகிதத்திலிருந்து மிகச் சிறிதளவே விலகுவதால் இந்த ஒழுங்கு நடைமுறையிலும் நிலைக்கிறது. பஞ்சமத்துக்குப் பதிலாக அந்தர காந்தாரத்தைச் சேர்த்தால் நிலைமை மாறுகிறது. தூய காந்தாரம் 137.5 ஹெர்ட்ஸ், ஃபிரெட்டில் கிடைப்பதோ ஏறத்தாழ 138.6. வித்தியாசச் சுரம் 27.5-இல் அமையாமல் 28.6-இல் விழ, ஏனைய துணைச் சுரங்களும் இடம் பிசகி, ஒலி கலங்கிவிடுகிறது. ஆகவேதான் காந்தாரத்தை விட்டுவிட்டு, ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும் கொண்ட ‘பவர் கார்ட்’ என்ற சுரக்கூட்டு டிஸ்டார்ஷனோடு இணைந்தே வளர்ந்தது. இரண்டு விரல்கள் போதும். அமைப்பை மாற்றாமல் கழுத்தில் மேலும் கீழும் நகர்த்தினால் ஒரு பாட்டையே வாசித்துவிடலாம். இயற்பியலின் இந்தத் தற்செயல், தொடக்கநிலை மாணவரின் கைக்கு எட்டும் தொலைவில் ஏராளமான புகழ்பெற்ற பாடல்களைக் கொண்டுவந்து வைத்தது.

கண் கற்பதும், கற்றதாக எண்ணுவதும்

பிறர் விரல்களைப் பார்ப்பதால் மட்டும் மூளையில் என்ன நிகழ்கிறது என்ற கேள்விக்கு ஓர் ஆய்வு நேரடியாகக் கிட்டாரையே எடுத்துக்கொண்டது. இத்தாலிய ஆய்வாளர் ஜியோவன்னி புச்சினோவும் அவர்தம் குழுவினரும் 2004-இல் வெளியிட்ட அந்த ஆய்வில், இசைப் பயிற்சி இல்லாதவர்கள் ஒரு கலைஞர் கிட்டாரில் சுரக்கூட்டுகளை அழுத்துவதைப் பார்த்துப் பின்னர் தாமும் அவ்வாறே செய்ய முயன்றனர். அவ்வேளையில் அவர்களுடைய மூளையின் செயற்பாடு காந்த அதிர்வுப் படமாக்கல் வழியே பதிவு செய்யப்பட்டது. பார்த்துக்கொண்டிருந்த கட்டத்திலேயே, ஒரு செயலைச் செய்யும்போதும் பிறர் செய்யக் காணும்போதும் ஒருசேர இயங்கும் ‘கண்ணாடி நியூரான்’ அமைப்பைச் சேர்ந்த பகுதிகள் செயற்பட்டன. பார்த்ததற்கும் செய்வதற்கும் இடைப்பட்ட சிறு இடைவேளையில், தெரிந்த தனித்தனி அசைவுகளைப் புதிய வரிசையில் கோக்கும் பணியோடு தொடர்புடைய முன்மூளைப் பகுதியும் அவற்றோடு சேர்ந்துகொண்டது. ஆகவே காணொளியைக் கவனித்துப் பார்ப்பது சோம்பலான செயலன்று. கை அசையும் முன்பே அசைவுக்கான வரைவு அங்கே தொடங்கிவிடுகிறது.

ஆனால் வரைவு வேறு, திறன் வேறு. மைக்கேல் கார்டஸ், எட் ஓ’பிரையன் என்ற இரு ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட சோதனைகளில், மேசைமீதுள்ள பாத்திரங்கள் விழாமல் விரிப்பை உருவுதல் போன்ற வித்தைகளின் காணொளிகளைச் சிலர் ஒருமுறையும் சிலர் இருபது முறையும் பார்த்தனர். பலமுறை பார்த்தவர்களுக்குத் தங்களால் அதைச் செய்துவிட முடியும் என்ற நம்பிக்கை வளர்ந்தது. வேறு திறன்களில் உண்மையாகவே முயன்று பார்க்கச் செய்தபோது அவர்களின் ஆற்றலோ உயரவில்லை. அசைவின் வடிவத்தைக் கண் அறிந்துகொள்கிறது. விரலில் எவ்வளவு விசை வேண்டும், மணிக்கட்டு எந்தக் கோணத்தில் தளர வேண்டும் என்னும் உணர்வுகள் திரையில் தெரிவதில்லை. இணையப் பாடங்களின் பெரிய அபாயம் இங்குதான் இருக்கிறது. ஒன்றை முடிக்கும் முன் அடுத்த காணொளி காத்திருக்கும் சூழலில், பார்த்த பாடங்களின் எண்ணிக்கையைக் கற்ற பாடங்களின் எண்ணிக்கையாகக் கொள்வது மிக எளிது.

நினைவில் இருக்கும் ஆசிரியர்

அப்படியானால் பிழையைச் சுட்டுவது எது? டேனியல் லெவிட்டின் 1994-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு முக்கியமான தடயம் தருகிறது. 46 பேரிடம், அவர்கள் நன்கறிந்த வெகுசனப் பாடல்களை இசைத்தட்டின் உதவியில்லாமல் நினைவிலிருந்து பாடச் சொன்னபோது, 40 விழுக்காட்டினர் இரண்டு முயற்சிகளில் ஒன்றிலாவது அசல் பதிவின் சுருதியிலேயே பாடினர். 44 விழுக்காட்டினர் இரண்டிலுமே இரண்டு அரைச்சுரங்களுக்குள் நெருங்கிவிட்டனர். இதன் தொடர்ச்சியாக 1996-இல் பெரி குக்குடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வில், பாடியவற்றில் 72 விழுக்காடு அசல் வேகத்திலிருந்து 8 விழுக்காட்டுக்குள் அமைந்திருந்தன. பலமுறை கேட்ட பாட்டு மங்கலான சாயலாக அன்றி, சுருதியும் காலப்பிரமாணமும் பெரிதும் பிசகாத பதிவாகவே மனத்தில் தங்குகிறது என்பதை இவை உணர்த்துகின்றன. தாம் வாசித்ததை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துல்லியமான அளவுகோல், முதல் பாடத்துக்கு முன்பே கற்பவரிடம் இருக்கிறது. அறியாத பயிற்சித் தொடர் ஒன்றை வாசிப்பவருக்கு இந்த வசதி கிடையாது. அவர் தவறாக வாசித்தாலும் அது தவறென்று சொல்ல அவருடைய செவியிடம் எந்த ஆதாரமும் இல்லை.

மேலே கண்ட ரிஃபே இதற்குத் தக்க சான்று. தொடக்கநிலை மாணவர் பலர் அதைப் பவர் கார்டுகளாக, ச–ப இடைவெளியில், பிக் எனப்படும் மீட்டுவில்லையால் மேலிருந்து கீழாக அடித்து வாசிக்கின்றனர். இப்பாட்டில் டீப் பர்ப்பிளின் கிட்டார் கலைஞர் ரிச்சி பிளாக்மோர் வாசித்ததோ ச–ம இடைவெளி. அவர் மீட்டுவில்லையைத் தவிர்த்து இரண்டு தந்திகளையும் இரண்டு விரல்களால் ஒரே கணத்தில் பறித்து மீட்டினார். சுரங்களின் வரிசை சரியாக இருந்தும், ‘ஏதோ ஒன்று அசலைப்போல் இல்லை’ என்ற நெருடல் கற்பவரின் மனத்தில் எழுகிறதல்லவா, அந்த நெருடலே பாடத்தின் மிக மதிப்புள்ள பகுதி. அதைப் பின்தொடர்ந்து சென்றவர் இடைவெளியின் வேறுபாட்டையும், தந்தியைத் தொடும் முறையின் வேறுபாட்டையும் தாமே கண்டறிவார்.

பயிற்சி தொடரும்போது செவியும் கையும் ஒன்றையொன்று அழைக்கத் தொடங்குகின்றன. அமீர் லஹாவ் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், இசைப் பயிற்சியில்லாதவர்கள் ஐந்து நாட்களில் ஒரு பியானோ மெட்டைச் செவிவழியாகக் கற்றனர். பின்னர் அசையாமல் படுத்து அந்த மெட்டைக் கேட்டபோது அவர்களின் மூளையில் அசைவுகளைத் திட்டமிடும் பகுதிகள் இயங்கின. பலமுறை கேட்டிருந்தும் வாசிக்கக் கற்காத மெட்டு அதே அளவுக்கு அப்பகுதிகளை எழுப்பவில்லை. தேர்ச்சி முதிர்ந்தால் இந்த இணைப்பு இன்னும் வியப்பானதாகிறது: 2009-இல் மரியா ஹெரோஹோ ரூயிஸ் குழுவினர் பியானோ கலைஞர்களை ஆராய்ந்தபோது, தவறான சுரம் ஒலிப்பதற்கு ஏறத்தாழ 70 மில்லிவிநாடிக்கு முன்பே மூளையின் மின்சைகையில் பிழையின் அறிகுறி தோன்றியது. தொடக்கத்தில் வாசித்தபின் செவி கண்டுபிடிக்கும் பிழையை, முதிர்ந்த கலைஞரின் மூளை வாசிக்கும் முன்பே அறிந்துவிடுகிறது.

எனினும் தொடக்கநிலையில் ஓர் இடர் உண்டு. பால் ஃபிட்ஸ், மைக்கேல் போஸ்னர் ஆகியோர் 1967-இல் வகுத்தபடி, எந்தக் கைத்திறனும் முதலில் ஒவ்வோர் அசைவையும் எண்ணியெண்ணிச் செய்யும் கட்டத்திலிருந்து, அசைவுகள் இணையும் கட்டத்தின் வழியாக, எண்ணாமலே நிகழும் கட்டத்தை அடைகிறது. முதல் கட்டத்தில் கவனம் முழுதும் விரல்களில் இருப்பதால் செவிக்கு எஞ்சுவது சிறிதே. ஆகவே கைப்பேசியில் தம் வாசிப்பைப் பதிவு செய்து, கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பது சிறந்த வழி. வாசிக்கும்போது மறைந்திருந்த பிழைகள் கேட்கும்போது தெளிவாகப் புலப்படும். இல்லாத ஆசிரியரின் வேலையைச் செவி அப்போதுதான் முழுமையாக ஏற்கிறது.

மெதுவாக்கும் கணிதமும் பயிற்சியின் ஒழுங்கும்

பழைய இசைத்தட்டு மெதுவானபோது சுருதியும் சேர்ந்து இறங்கியது. இன்றைய காணொளியில் வேகத்தைப் பாதியாக்கினாலும் சுருதி மாறுவதில்லை. இதன் பின்னணியிலுள்ள கணித உத்திகளில் முதன்மையான ஒன்றை, 1966-இல் பெல் ஆய்வகத்தின் ஜேம்ஸ் ஃபிளனகனும் ரோஜர் கோல்டனும் ‘ஃபேஸ் வோகோடர்’ என்ற பெயரில் வெளியிட்டனர். ஒலியை ஒன்றன்மேல் ஒன்று சிறிது படியும் நுண்துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் உள்ள அதிர்வெண்களைப் பிரித்தறிந்து, அந்த அதிர்வெண்களை மாற்றாமல் நீண்ட காலப்பரப்பில் மீண்டும் அடுக்குவதே அதன் சாரம். இதனால் கற்பவர் அசல் சுருதியிலேயே தம் கைக்கு இயன்ற வேகத்தில் பாட்டோடு சேர்ந்து வாசிக்க முடிகிறது.

பயிற்சியை எப்படிப் பங்கிட்டுக்கொள்வது என்பதற்கும் ஆய்வுகள் வழிகாட்டுகின்றன. மேத்யூ வாக்கர் குழுவினர் 2002-இல் வெளியிட்ட சோதனையில், பழக்கமில்லாத கையின் விரல்களால் ஐந்து தட்டல்கள் கொண்ட வரிசையைப் பழகியவர்கள், ஓர் இரவு உறங்கி எழுந்தபின் கூடுதல் பயிற்சியின்றியே ஏறத்தாழ 20 விழுக்காடு விரைவாகச் செய்தனர். அதே அளவு நேரம் விழித்திருந்தவர்களிடம் அத்தகைய முன்னேற்றம் தென்படவில்லை. ஞாயிற்றுக்கிழமையில் ஒரே மூச்சாகப் பழகுவதைவிட நாள்தோறும் சிறிது நேரம் பழகி உறங்குவது மேல் என்று கருத இது வலுவான காரணம். ஜான் ஷேயும் ராபின் மார்கனும் 1979-இல் காட்டியது வேறொன்று: மூன்று கையசைவுகளை ஒவ்வொன்றாகப் பழகி முடித்தவர்கள் பயிற்சியின்போது விரைவாகத் தேறினர், மூன்றையும் கலந்து பழகியவர்கள் தடுமாறினர், ஆனால் பத்து நாட்களுக்குப் பின் சோதித்தபோது கலந்து பழகியவர்களே நன்றாக நினைவில் வைத்திருந்தனர். இரண்டு மூன்று பாடல்களின் கடினமான பகுதிகளை மாறிமாறிப் பழகுவது அப்போதைக்குச் சலிப்பூட்டினாலும் நிலைத்த பயன் தரும் என்பது இதன் பொருள்.

2011-இல் வெளிவந்த ராக்ஸ்மித் போன்ற மென்பொருள்கள் உண்மையான கிட்டாரைக் கேபிள் வழியே இணைத்து, வாசித்த சுரம் சரியா தவறா என்பதை உடனுக்குடன் திரையில் காட்டுகின்றன. பார்க்காத ஆசிரியரின் குறையை இவை ஓரளவு போக்குகின்றன என்பதில் ஐயமில்லை. எனினும் 1984-இல் ஆலன் சால்மோனி, ரிச்சர்ட் ஷ்மிட், சார்லஸ் வால்டர் ஆகியோர் அதுவரையான ஆய்வுகளைத் தொகுத்து எச்சரித்தது இங்கே பொருந்தும்: ஒவ்வொரு முயற்சிக்கும் வெளியிலிருந்து தீர்ப்பு வந்துகொண்டே இருந்தால் கற்பவர் அதன்மீதே சாய்ந்துவிடுகிறார்; தீர்ப்பு நின்றதும் திறனும் குன்றுகிறது. திரை சொல்லும் முன் செவி சொல்லப் பழக வேண்டும். எனவே சில வேளைகளில் அந்த உதவியை நிறுத்திவிட்டு வாசிப்பது அவசியம்.

செவிக்கு எட்டாத பிழைகளும் உண்டு. மணிக்கட்டு அளவுக்கு மீறி வளைந்திருப்பது, கட்டைவிரல் தேவையற்ற விசையோடு கழுத்தை நெரிப்பது, தோள் இறுகியிருப்பது போன்றவை ஒலியில் உடனே தெரியாமல், நாளடைவில் வலியாகவே வெளிப்படும். இவற்றைக் கண்டு திருத்த, ஒரு தேர்ந்த ஆசிரியரை அவ்வப்போதேனும் நேரில் சந்திப்பதற்கு இணையான மாற்று இன்னும் தோன்றவில்லை.

இந்த எல்லைகளை ஏற்றுக்கொண்ட பின்னும் இணையப் பாடத்தின் மதிப்பு குறைவதில்லை. அதை அளக்க வேண்டிய அளவுகோல்தான் தெளிவாகிறது. ஒரு பாடம் எத்தனை பாடல்களைக் காட்டியது என்பதைவிட, பாட்டுக்கும் தம் வாசிப்புக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் கேட்டு உணரும் ஆற்றலைக் கற்பவரிடம் எவ்வளவு வளர்த்தது என்பதே முக்கியம். காட்டித்தந்த விரல்வழி அந்த ஒரு பாட்டோடு முடிந்துவிடும். அறிந்த பாட்டுகளின்மேல் தீட்டப்பட்ட செவியோ, யாரும் பாடம் எடுக்காத பாட்டையும் தந்தியில் தானே கண்டடையும். கற்பவர் கலைஞராக மாறத் தொடங்குவது அந்தக் கட்டத்தில்தான்.